பக்கவாதமும் தொலைமருத்துவமும்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

'மருந்து' என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிபுரிபவர். இந்நான்கும் ஓரிடத்தில் கூடினால்தான் நோய் தீரும். நகரத்தில் இவை எளிதில் கூடிவிடும். சிற்றூரிலோ நோயாளி ஓரிடத்தில் இருப்பார், மருத்துவர் வேறிடத்தில் இருப்பார், மருந்து மூன்றாவது இடத்தில் இருக்கும். அருகிலிருப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பக்கவாதம் என்னும் நோயில் இந்தப் பிரிவு எவ்வளவு கேடு செய்கிறது, அதைத் தொலைமருத்துவம் எந்த அளவுக்கு நீக்க வல்லது, எங்கே அதன் ஆற்றல் முடிந்துவிடுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் அய்யலூரைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இப்பொருளை நான் நூலகத்தில் தேடி எடுக்கவில்லை, அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

பக்கவாதம் என்பது யாது?

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. தசையைப் போலச் சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. அன்றாடக் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பத்தைப் போன்றது மூளை. ஒரு வேளை வரத்து நின்றாலும் அடுப்பு அணைந்துவிடும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று திடீரென அடைபட்டாலோ வெடித்தாலோ உண்டாவதே பக்கவாதம். அடைப்பினால் வருவது ஒரு வகை. கசிவினால் வருவது மற்றொரு வகை. நம் நாட்டிலும் பெரும்பான்மை அடைப்பு வகையே. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வாய் கோணும், கை தளரும், பேச்சு குழறும். ஆனால் சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து வேண்டும். அதே மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிர் போய்விடும். எது எது என்று கண்ணால் பார்த்தோ நாடி பிடித்தோ சொல்ல முடியாது, தலையைச் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எனவே பக்கவாத நோயாளியை ஸ்கேன் இல்லாத இடங்களுக்கு அழைத்துச் சென்று செலவிடும் நேரம் எல்லாம் வீண் நேரமே.

குழாய் அடைபட்டதும் அதன் பாசனப் பகுதி முழுவதும் அக்கணமே இறந்துவிடுவதில்லை. இயல்பாக 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் இரத்தம் செல்கிறது. இது 20-க்குக் கீழே குறைந்தால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்துகின்றன. 10 அளவுக்கு வீழ்ந்தால் மடிகின்றன. அடைப்பின் நடுப்பகுதி விரைவில் மடியும். சுற்றியுள்ள பகுதியோ அக்கம்பக்கத்துச் சிறு குழாய்கள் தரும் சிறிதளவு இரத்தத்தால் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு, வேலை செய்யாமல் காத்திருக்கும். கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்தோம் அல்லவா? மருத்துவர்களும் இப்பகுதியைப் புறநிழல் என்ற பொருளுள்ள சொல்லாலேயே அழைக்கின்றனர். பக்கவாத சிகிச்சை முழுவதும் இந்தப் புறநிழலைக் காப்பாற்றும் போராட்டமே. மணி ஆக ஆகப் புறநிழல் சுருங்கும், கருநிழல் விரியும்.

பெரிய குழாய் அடைபட்ட ஒருவருக்குச் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். சிறு குழாய் அடைபட்டவருக்கு இழப்பு இதைவிடக் குறைவுதான். ஆனால் மடிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை என்ற விதி இருவருக்கும் பொது.

அந்த வியாழக்கிழமை

எங்கள் ஊர் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். விடியுமுன்பே வண்டிகள் வந்துவிடும். என் தாத்தா இரண்டு கிடாய்களை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் கொடுத்தார். வாங்கிய தம்ளர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. மணி ஏழு. வானொலியில் செய்தி தொடங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தாத்தா, என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா, கை மரத்துப் போச்சு" என்றார். 'மரத்துப் போச்சு' என்ற சொல் நாக்கில் புரளவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

அடுத்த வீட்டுப் பாட்டி, "காத்து அடிச்சிருக்கு, நல்லெண்ணெய் தேய்ச்சு விடுங்க" என்றார். எண்ணெய் தேய்த்தோம். சுக்குக் காப்பி கொடுத்தோம். பாதி வழிந்தது, பாதிக்குப் புரையேறியது. "108-க்குப் போன் போடலாமா அம்மா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அந்த அளவுக்கு என்ன ஆச்சு?" என்று சித்தப்பா சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன். பத்து மணிக்கு ஊசி போடுபவர் ஒருவர் வந்து ஓர் ஊசி போட்டு, "ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். பதினொன்றரைக்குத் தாத்தா எழ முயன்றார், வலக்காலும் கேட்கவில்லை. அதன்பின்தான் எல்லோருக்கும் பயம் வந்தது. வண்டி பிடித்து, ஸ்கேன் உள்ள மருத்துவமனையை அடைந்தபோது மணி 1.15.

மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பதே. ஒருவர் காலையில் என்றார், ஒருவர் பத்து மணிக்கு என்றார். "ஏழு மணிக்குத் தம்ளர் விழுந்தது ஐயா" என்றேன் நான். ஸ்கேனில் கசிவு இல்லை; அடைப்புதான். மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா கரைக்கிற ஊசி போட்டுப் பாத்திருக்கலாம் தம்பி" என்றார். பெரிய குழாய் எதுவும் அடைபடாததால், கம்பி வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கும் இடமில்லை.

அய்யலூரிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் அரை மணி நேரப் பயணம். எங்களுக்குப் போனதோ ஆறேகால் மணி நேரம். அரை மணி நேரத்தைத்தான் சாலை எடுத்துக்கொண்டது. மீதியை நாங்களே எடுத்துக்கொண்டோம். முதலாண்டுத் தேர்வில் நரம்பணுவின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த நரம்பணு என் கண் முன்னே மடிந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கமே.

காலமும் சிகிச்சையும்

நாலரை மணி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடினேன். அதன் வரலாறு சுவையானது.

இரத்தக் கட்டியின் சட்டகம் பைப்ரின் என்னும் புரத இழைகளால் ஆனது. அதைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி, செயலற்ற வடிவில் நம் இரத்தத்திலேயே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பும் மற்றொரு பொருளைச் செயற்கையாக உருவாக்கி, ஆல்டிபிளேஸ் என்ற மருந்தாக ஆக்கினர். அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் இம்மருந்தைச் சோதித்த முடிவு 1995 டிசம்பரில் வெளியாயிற்று. மூன்று மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதங்களுக்குப்பின் ஊனமின்றியோ மிகச் சிறு குறையுடனோ இருக்கும் வாய்ப்பு, பெறாதவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதற்கு விலையும் உண்டு. மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு மூளையில் ஆபத்தான இரத்தக் கசிவு ஏற்பட்டது. பெறாதவர்களில் அது 0.6 சதவீதமே. ஆகவேதான் ஸ்கேனும், தேர்ந்த மருத்துவரின் முடிவும் இன்றி இம்மருந்தைத் தொடக் கூடாது என்கின்றனர். 2008-இல் ஐரோப்பிய ஆய்வொன்று இந்த எல்லையை நாலரை மணி வரை நீட்டலாம் என்று நிறுவியது. நாலரை மணி வரை பொறுக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முதல் மணியில் கிடைக்கும் பயன் நான்காம் மணியில் கிடைப்பதில்லை.

பெரிய குழாய் அடைபட்டவர்களுக்குத் தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளை வரை கொண்டுசென்று கட்டியையே பிடித்து இழுத்துவிடும் முறை 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளால் உறுதிப்பட்டது. தக்கவாறு தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இது பயன்தரும் என்று 2018-இல் தெரியவந்தது. ஆனால் இதற்கு வேண்டிய கருவிகளும் கைதேர்ந்தவர்களும் பெருநகரங்களிலேதான் உள்ளனர்.

இவ்விரண்டையும்விட எளிய ஒன்று உண்டு. பக்கவாத நோயாளிகளைத் தனிப் பிரிவில் வைத்து, பழகிய செவிலியரும் இயன்முறை மருத்துவரும் கூட்டாகக் கவனிப்பதே அது. விழுங்க முடிகிறதா என்று பார்த்த பின்பே உணவு கொடுப்பது, காய்ச்சலையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, படுக்கைப் புண் வராமல் காப்பது போன்ற சிறு சிறு செயல்களின் தொகுப்பு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பீட்டின்படி, இத்தகைய பிரிவில் கவனிக்கப்படும் ஒவ்வொரு 100 பேரிலும் கூடுதலாக இருவர் உயிர் பிழைக்கின்றனர். கூடுதலாக அறுவர் பிறர் உதவியின்றி வாழ்கின்றனர். எங்கள் வீட்டில் கொடுத்த சுக்குக் காப்பியை நினைத்தால் இப்போது உடல் நடுங்குகிறது. விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு வாய்வழி எதுவும் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும்.

சிகிச்சையின் பயனை எவ்வாறு அளப்பது? கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜான் ராங்கின் 1957-இல் வகுத்த அளவுகோல் ஒன்று சிறு திருத்தங்களுடன் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அதில் 0 என்றால் குறை ஏதுமில்லை. 6 என்றால் மரணம். 3 என்பவர் சில உதவிகளைப் பெற்றுத் தாமே நடப்பவர். 4 என்பவர் பிறர் துணையின்றி நடக்க மாட்டார். மருத்துவமனையை விட்டு வந்தபோது என் தாத்தா 4. இன்று அவர் 3. இந்த ஓர் எண் மாற்றத்தின் அருமை, அவரைக் கொல்லைப்புறம் வரை தாங்கிச் சென்ற என் அம்மாவுக்குத்தான் தெரியும்.

தொலைவைக் கடத்தல்

ஸ்கேன் கருவியை ஒரு மாவட்ட மருத்துவமனையில் வைத்துவிடலாம். ஆனால் நள்ளிரவில் அந்தப் படத்தைப் பார்த்து 'ஊசி போடலாம்' என்று சொல்லும் நரம்பியல் மருத்துவரை ஒவ்வோர் ஊரிலும் வைக்க இயலாது. இங்கேதான் தொலைமருத்துவம் நுழைகிறது. சிற்றூர் மருத்துவமனையின் பொது மருத்துவர் நோயாளியின் அருகே நிற்பார். நகரத்து நரம்பியல் மருத்துவர் திரையில் தோன்றுவார். "கையைத் தூக்கச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்ப்பார். ஸ்கேன் படமும் அவர் திரைக்கே வந்துவிடும். இருவரும் சேர்ந்து முடிவெடுப்பர்.

தொலைபேசியில் கேட்டாலே போதாதா, முகம் பார்க்க வேண்டுமா என்ற ஐயம் எழலாம். இதையே சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. 222 நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தொலைபேசி வழியும், மறு பாதிக்குக் காட்சி வழியும் ஆலோசனை தரப்பட்டது. சிகிச்சை முடிவு சரியாக அமைந்தது தொலைபேசியில் 82 சதவீதம். காட்சி வழியில் 98 சதவீதம். காதால் கேட்பதற்கும் கண்ணால் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் நாட்டில் தொலைமருத்துவம் புதிதன்று. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஆரகொண்டா கிராம மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்த தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச் 24 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டுகளில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே பல ஊரக மருத்துவமனைகளை இணைத்தது. 2020 மார்ச் 25 அன்று, கொரோனா முடக்கத்தின் முதல் நாளிலேயே, தொலைமருத்துவத்துக்கான நடைமுறை விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபடியே வெளியூர் மருத்துவரைத் திரையில் காணும் இ-சஞ்சீவனி சேவையும் இன்று நடைமுறையில் உள்ளது.

பக்கவாதத்துக்கென்றே தொலைமருத்துவத்தைப் பயன்படுத்தி வழிகாட்டியது இமாசலப் பிரதேசம். அங்கே மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் என்பது பல மணி நேரப் பயணம். நரம்பியல் மருத்துவர்களோ சிம்லா, தாண்டா ஆகிய இரு மருத்துவக் கல்லூரிகளில் மட்டும் இருந்தனர். 2014-இல் அம்மாநில அரசு, ஸ்கேன் வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை இலவசமாக அளித்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, வாட்ஸ்அப் வழியே நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொற்படி மருந்து செலுத்தினர். தொடக்கக் கட்டத்தில் 26 பேர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர் என்று 2016-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. எண் சிறிதுதான். ஆயினும் அவர்கள் எல்லோரும், முந்தைய ஆண்டாயிருந்தால் மருந்தே காணாமல் வீடு திரும்பியிருக்கக் கூடியவர்கள். நம் பையில் கிடக்கும் அதே கைப்பேசியே அங்கே கருவியாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையில் பக்கவாத நோயாளி தங்குவது சில நாட்கள். அதன்பின் வாழ்வது ஆண்டுக்கணக்கில். உண்மையான சிகிச்சை வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. இங்கே தொலைமருத்துவம் என்ன செய்தது? முடிவுகள் கலந்தே வந்துள்ளன. அவற்றை மறைக்காமல் கூறுவதே அறிவியல் மாணவனுக்கு அழகு.

முதலில் நற்செய்தி. அமெரிக்காவில் 124 நோயாளிகளிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், திரை வழியே வீட்டிலிருந்து கைப்பயிற்சி பெற்றவர்கள், மருத்துவ நிலையத்துக்கே சென்று பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினர். நம் சென்னையிலும் கைப்பேசி வழியே வீட்டுப் பயிற்சிகளைக் கற்றுத்தரும் திட்டம் ஒன்று சோதிக்கப்பட்டு, 2016-இல் முடிவு வெளியாயிற்று. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உடுத்தல், உண்ணல் போன்ற அன்றாடச் செயல்கள், துணைக்கருவிகள் எல்லாம் படக்காட்சிகளாக அதில் இருந்தன. முதற்கட்டத்தில் 30 பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது காட்சி ஓடாமல் தடைப்பட்டது, படம் தெளிவில்லை. குறைகளைத் திருத்தி, அடுத்த 30 பேரிடம் கொடுத்தனர். அவர்களில் 27 பேர் இது பொருத்தமானது, புரிகிறது, பயனுள்ளது என்றனர். கவனித்துக்கொண்ட குடும்பத்தினர் 30 பேருமே பாராட்டினர். சென்னையிலேயே காட்சி தடைப்பட்டது என்றால், மலையடிவாரத்துக் கிராமங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் வீட்டில் இயன்முறை மருத்துவரிடம் திரையில் பேச வேண்டுமானால் தாத்தாவின் நாற்காலியை வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கேதான் அலை கிடைக்கும்.

அடுத்து, எதிர்பார்த்த பலன் தராத இரண்டு ஆய்வுகள். இரண்டும் நம் நாட்டின் பெரும் ஆய்வுகள். குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு நோயாளிக்கு உடற்பயிற்சி அளித்தால் பலன் கூடுமா என்று 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் பார்த்தனர். லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜெயராஜ் துரைப் பாண்டியன் இதில் முதன்மைப் பங்காற்றினார். 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாத இறுதியில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருப்போரும், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம்; பெறாத குடும்பங்களிலும் 47 சதவீதம். மற்றோர் ஆய்வில் 31 மையங்களைச் சேர்ந்த 4,298 நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு, 12 மொழிகளில் குறுஞ்செய்தியும் காட்சிப் படமும் ஓராண்டுக் காலம் அனுப்பினர். ஒரு பயிற்சி நூலும் கொடுத்தனர். 2023-இல் வெளியான முடிவின்படி, மீண்டும் பக்கவாதம், மாரடைப்பு முதலியன வருவதும் இறப்பதும் செய்தி பெற்றவர்களில் 5.5 சதவீதம், பெறாதவர்களில் 4.9 சதவீதம். குறைக்கவில்லை. ஆனால் செய்தி பெற்றவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டனர். குடியையும் புகையையும் கூடுதலானோர் விட்டனர்.

இவற்றைத் தோல்வி என்று தள்ளிவிடலாகாது. அன்பு மட்டும் பயிற்சிக்கு ஈடாகாது என்பதையும், செய்தி மட்டும் மனிதருக்கு ஈடாகாது என்பதையும் இவை எண்ணிக் காட்டின. ஓராண்டு என்பது பழக்க மாற்றத்தின் பலன் தெரியப் போதாத காலமாகவும் இருக்கலாம். இதனோடு சீனாவின் அனுபவத்தை ஒப்பிட வேண்டும். அங்கே 326 கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேரிடம், மருத்துவப் பட்டம் இல்லாத கிராம சுகாதாரப் பணியாளர்களே இரத்த அழுத்தத்தை அளந்து, விதிப்படி மருந்து தந்து, தொடர்ந்து கவனித்தனர். 2023-இல் வெளியான அவ்வாய்வில் பக்கவாதமும் மாரடைப்பும் அடங்கிய நோய்த்தொகுதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேலிருந்து மருத்துவர்கள் வழிகாட்டினர். கீழே தெரிந்த முகம் ஒன்று வாசலுக்கு வந்தது. வெற்றியின் இரகசியம் அந்த வாசற்படியில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில்

இவ்வகையில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. 108 அவசர ஊர்தி 2008 செப்டம்பர் முதல் ஓடுகிறது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 சனவரி 12 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பதினொரு புதிய கல்லூரிகளுள் ஒன்று. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார். என் தாத்தாவை 4-இலிருந்து 3-க்குக் கொண்டுவந்தது அந்த வருகைதான். அவர் வராத நாட்களில் கைப்பேசியில் தாத்தாவின் நடையைப் படமெடுத்து அனுப்புவேன். "இடுப்பைச் சாய்க்கிறார், கோலை இடக்கையில் கொடுங்க" என்று பதில் வரும். வீட்டு வருகை முதுகெலும்பு. கைப்பேசி அதற்குத் துணை. இவ்விரண்டும் இடம் மாறினால் பயன் குன்றும் என்பது என் கருத்து.

ஆனால் தொலைவு இரு வகைப்படும். ஒன்று ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவு. அதைச் சாலையும் ஊர்தியும் திரையும் குறைத்துவிடும். மற்றொன்று, தம்ளர் விழுவதற்கும் 'இது பக்கவாதம்' என்று உணர்வதற்கும் இடையே உள்ள தொலைவு. அதை எந்தத் திரையும் குறைக்காது. உலகின் மிகச் சிறந்த நரம்பியல் மருத்துவர் மறுமுனையில் காத்திருந்தாலும், இம்முனையில் இருப்பவர் அழைத்தால்தான் அவர் பேச முடியும். வள்ளுவர் சொன்ன நான்காம் உறுப்பு நாமே.

ஆகவே ஒவ்வொருவரும் மனத்தில் நிறுத்த வேண்டியவை இவை.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் கோணுகிறதா?
கை: இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா?
பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா?
நேரம்: இவற்றுள் ஒன்று திடீரென்று கண்டாலும் 108-ஐ அழையுங்கள், கடைசியாக நன்றாக இருந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திடீரெனப் பார்வை மங்குவதும், நிலை தடுமாறுவதும்கூட அறிகுறிகளே. சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டாலும் அது எச்சரிக்கை மணி. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாய்வழி நீரோ காப்பியோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து நேரத்தைப் போக்கக் கூடாது. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே நேராகச் செல்ல வேண்டும்.

முடிவுரை

உலகில் 25 வயதைக் கடந்தவர்களுள் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறை பக்கவாதம் வரக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். இதைப் படிக்கும் நம் வகுப்பில் நாற்பது பேர் என்றால், அவர்களுள் பத்துப் பேர். நம் பெற்றோரையும் தாத்தா பாட்டியரையும் சேர்த்தால் நம்மில் எவர் வீடும் விலக்கன்று.

உலகப் பக்கவாத நாள் அக்டோபர் 29. அவ்வாரத்து வியாழக்கிழமையன்று நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். பல ஊர் மக்கள் கூடும் இடம் அது. இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று, முகம்–கை–பேச்சு–நேரம் என்று பெரிய எழுத்தில் எழுதிய தட்டி ஒன்று, இரண்டு மேசை; இவை போதும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டும். இடம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

தாத்தா இப்போதும் வியாழக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து சந்தைக்குப் போகும் ஆடுகளைப் பார்க்கிறார். தேநீரை இடக்கையால் வாங்கிக்கொள்கிறார். எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சென்ற மாதம் ஒரு காலையில் வாய் கோணியபோது, முதலில் கண்டவர் தாத்தாதான். குழறிய நாவால், "டேய், மணி பாரு, போன் போடு" என்று என்னை அதட்டினார். மணி 6.40. ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர் ஸ்கேன் அறையில் இருந்தார்.